நிறுத்தி வைத்த காரிலும் தேயும் பேட்டரி

2012 கோடையில், அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்து ஃபீனிக்ஸ் நகரில் நிஸான் லீஃப் என்ற மின்சாரக் கார் வைத்திருந்த பலருக்கும் ஒரே புகார். பேட்டரியில் எவ்வளவு கொள்ளளவு மிச்சம் என்று காட்ட அந்தக் காரின் டேஷ்போர்டில் 12 கோடுகள் உண்டு. வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத கார்களில் கோடுகள் குறையத் தொடங்கியிருந்தன. முதல் கோடு மறைந்தாலே ஏறத்தாழ 15 சதவீதம் போய்விட்டது என்று அர்த்தம். குளிரான சியாட்டில் பக்கம் ஓடிய அதே கார்கள் இவ்வளவு வேகமாகத் தேயவில்லை.

அதிகம் ஓட்டினால்தான் பேட்டரி தேயும் என்று பலரும் நினைக்கிறோம். வெயில் ஊரில் கார் சும்மா நின்றாலும் தேயும். இந்தக் கார்களில் இருக்கும் லித்தியம் அயான் பேட்டரியின் எதிர்முனை (நெகட்டிவ் பக்கம்) கிராஃபைட் என்ற கார்பனால் ஆனது. முதல் சில சார்ஜிலேயே அதன்மேல், காய்ச்சிய பாலில் படியும் ஆடை மாதிரி, மெல்லிய படலம் ஒன்று உருவாகிவிடும். பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே இருக்கும் எலக்ட்ரோலைட் திரவம் சிதைந்து உண்டாவது அது. அந்தப் படலம் அவசியம். அது இல்லாவிட்டால் திரவம் தொடர்ந்து சிதைந்துகொண்டே இருக்கும். ஆனால் படலம் வந்தபிறகும் சிதைவு முழுசாக நின்றுவிடுவதில்லை, படலம் மெல்ல மெல்லத் தடித்துக்கொண்டே போகும். தடிக்கத் தடிக்க, மின்சாரத்தைச் சுமக்க வேண்டிய லித்தியம் அதில் சிக்கிக்கொள்ளும். சிக்கிய லித்தியம் பெரும்பாலும் திரும்பி வராது.

இந்த வேலையைத்தான் வெப்பம் துரிதப்படுத்துகிறது. 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் சுமார் இரட்டிப்பாகும் என்பது பழைய தோராயக் கணக்கு. அப்படிப் பார்த்தால் 25 டிகிரியில் இருக்கும் பேட்டரியைவிட 45 டிகிரியில் இருப்பது நான்கு மடங்கு வேகத்தில் முதுமையடையும். முழு சார்ஜில் நின்றால் இன்னும் மோசம்.

அன்றைய லீஃபின் பேட்டரி ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள, மூடிய பெட்டி. உள்ளே கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) கிடையாது, விசிறியும் கிடையாது. அவ்வளவு கனமான பொருள் ஒருமுறை சூடேறினால் ஆற நேரமாகும். ஃபீனிக்ஸில் ஜூலை இரவுகளே 30 டிகிரியை ஒட்டி இருப்பதால் ஆற வழியே இல்லை. அதே சமயத்தில் விற்பனைக்கு வந்த செவ்ரோலெட் வோல்ட்டில் செல்களுக்கு நடுவே கூலன்ட் ஓடியது. தேவைப்பட்டால் ஏசியின் குளிர்பதன வாயு அந்தக் கூலன்ட்டைக் குளிர்விக்கும். என் பார்வையில், வெயில் ஊரில் கார் வாங்குபவர் ரேஞ்சை, அதாவது ஒரு சார்ஜில் எவ்வளவு தூரம் ஓடும் என்பதைக் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, பேட்டரியைக் குளிர்விக்க வழி உண்டா என்பதைத்தான்.

நிஸான் பிறகு, 5 வருடம் அல்லது 60,000 மைலுக்குள் கோடுகள் 9-க்குக் கீழே போனால் சரிசெய்து தருவதாக வாரன்டி கொடுத்தது. வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கும் வேதியியல் கொண்ட பேட்டரியும் அடுத்து வந்தது.

சரி, இப்போது பரவலாகிவரும் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) பேட்டரி? டாடா நெக்ஸான் மின்சாரக் காரில் இருப்பது அந்த வகைதான், திரவக் குளிர்விப்பும் உண்டு. எல்எஃப்பி எளிதில் தீப்பிடிக்காது என்பது உண்மை. அதனால் வெயிலில் தேயாது என்று முடிவுகட்ட முடியாது. நேர்முனைதான் வேறு, எதிர்முனையில் அதே கிராஃபைட், அதே படலம்.

நம் ஊரில் ஓடும் பல மின்சார ஸ்கூட்டர்களில் திரவக் குளிர்விப்பு இல்லை. அவற்றுக்கு நிழல்தான் பெரிய உதவி. வெயிலில் ஓட்டி வந்தவுடனே சார்ஜரைச் செருகாமல் கொஞ்சம் ஆறவிடலாம். சித்திரை வெயிலில் வண்டியை விட்டுவிட்டு ஊருக்குப் போவதென்றால் முழு சார்ஜ் வேண்டாம், பாதி போதும். எல்எஃப்பி வண்டியில் மீட்டர் சரியாகக் காட்ட அவ்வப்போது 100 சதவீதம் ஏற்றச் சொல்வார்கள். அதைக் கிளம்புவதற்குச் சற்று முன்னால் முடிகிற மாதிரி வைத்துக்கொண்டால் போதும்.