சாவித்துளைப் பாத்தி: நடுக்கூடை குப்பைத்தொட்டி அல்ல

வீட்டுத்தோட்டம் அமைத்துத் தருவது என் தொழில். "சமையலறைக் கழிவைப் பாத்திக்குள்ளேயே மட்க வைக்கலாமாமே, நம்ம வீட்டுக்கும் செய்து தர முடியுமா?" என்று இப்போது பலரும் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். இதற்குச் சாவித்துளைப் பாத்தி என்று பெயர். நாற்புறமும் தென்னாப்பிரிக்கா சூழ்ந்த லெசோத்தோ என்ற சின்ன மலைநாட்டில் 1990களில் பரவிய முறை இது. எய்ட்ஸ் நோயில் உடல் தளர்ந்தவர்களும் முதியவர்களும் குனியாமல் கீரை பறிக்கட்டும் என்று, அக்கம்பக்கத்தில் கிடைத்த கல்லை இடுப்பளவுக்கு வட்டமாக அடுக்கி, நடுவில் கழிவு போடக் குச்சியாலும் வைக்கோலாலும் ஒரு கூடை கட்டி நிறுத்தினார்கள். கூடை வரை நடந்து போக ஒரு பக்கம் இடைவெளி விட்டிருப்பதால், மேலிருந்து பார்த்தால் சாவித்துளை போலத் தெரியும். முழங்கால் வலியோடு தோட்ட ஆசையை விட முடியாத நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் இது அருமையாகப் பொருந்தும்.

விட்டம் ஆறு, ஆறரை அடி போதும். அதற்கு மேல் போனால் உள்ளே இருக்கும் செடிக்குக் கை எட்டாது. சுவருக்குச் செங்கல், ஹாலோ பிளாக், கருங்கல் எதுவும் ஆகும். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் கட்டை அரிக்காமலிருக்கக் கிரியோசோட் என்ற நச்சு எண்ணெய் ஏற்றிய பழைய ரயில் கட்டையும் மட்டும் கூடவே கூடாது. சாப்பிடும் கீரை வளரும் இடம் இது. கூடையை மூங்கில் பிளாச்சிலோ கோழிவலையிலோ ஒன்றரை அடி அகலத்துக்குக் கட்டி, தரையிலிருந்து தொடங்கி மண்மட்டத்துக்கு மேல் ஓரடி நீளும்படி நிறுத்துங்கள். பாத்திக்குள் அடியில் செங்கல் ஜல்லி, அதன்மேல் குச்சி, தென்னை மட்டை, சருகு, கடைசியில் செம்மண்ணும் தொழுவுரமும். மண் கூடைப் பக்கம் உயர்ந்து, வெளிச்சுவரை நோக்கிச் சரிந்திருக்க வேண்டும்.

கட்டுவதில் பெரும்பாலும் தவறு வருவதில்லை. கோளாறு எல்லாம் கூடையில்தான். நாற்றம் அடிக்கிறது என்று கூப்பிட்ட ஒரு வீட்டில் கூடைக்குள் கையை விட்டேன். மேலே சாம்பார் சாதம், அதன்கீழ் மீன் முள், அதற்கும் கீழே காற்றே புகாமல் கருத்துக் கொழகொழத்த காய்த்தோல். பக்கத்துக் கத்தரிச் செடியில் இலை ஓரமெல்லாம் கருகியிருந்தது. சமைத்த சோற்றோடும் குழம்போடும் போகும் உப்பு அப்படியே வேருக்கு இறங்கும். மீனும் கறியும் எலியை அழைக்கும். பச்சைக் காய்கறிக் கழிவு, பழத்தோல், டீத்தூள், முட்டை ஓடு, இவற்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு பங்கு கழிவு போட்டால் அதன்மேல் இரண்டு பங்கு காய்ந்த சருகு. இந்த ஒன்றைச் செய்தாலே வாடையும் ஈயும் ஓடிவிடும். ஒரு கைப்பிடி அள்ளிப் பிழிந்து பாருங்கள். ஓரிரு சொட்டு வந்தால் பதம் சரி, ஒழுகினால் இன்னும் சருகு சேருங்கள்.

தண்ணீரையும் கூடை வழியாகவே ஊற்றுங்கள். மட்கின் சத்தைக் கரைத்துக்கொண்டு அது மண்ணுக்குள் பரவுவதுதான் இந்தப் பாத்தியின் சூட்சுமமே. அரிசி கழுவிய கழனித் தண்ணீர் இதற்கு அமுதம். நாற்று வேர் பிடிக்கும் வரை மட்டும் மேலேயும் தெளிக்க வேண்டியிருக்கும். தக்காளி, கத்தரி மாதிரி சத்து அதிகம் கேட்பவை கூடையை ஒட்டி, கீரையும் முள்ளங்கியும் ஓரத்தில். முருங்கை, வாழை மாதிரி பெரிதாக வளர்பவை இந்தப் பாத்திக்கு வேண்டாம்.

மாடியில் இதைக் கட்டித் தரச் சொன்னால் நான் ஒப்புக்கொள்வதில்லை. மக்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு நம் கட்டட விதிநூல் கணக்கில் எடுக்கும் கூடுதல் பாரம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 150 கிலோ. ஈரமண்ணை ஓரடி உயரம் கொட்டினாலே 500 கிலோ வந்துவிடும். இதுவோ இடுப்பளவு உயரம். மாடிக்கு லேசான தென்னைநார்க் கழிவு கலந்த பைகளே போதும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்குக் கூடைக்கு மூடி போடுங்கள். இல்லாவிட்டால் மட்குவதற்குப் பதில் ஊறி அழுகும். கொட்டாங்குச்சியைக் கூடையில் போடாதீர்கள். தண்ணீர் தேங்கி டெங்குக் கொசு முட்டையிடும். தென்னை உள்ள வீடானால் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். மட்கைக் கிளறும்போது கட்டைவிரல் பருமனில் வளைந்து கிடக்கும் வெள்ளைப் புழு, பெரும்பாலும் காண்டாமிருக வண்டின் குஞ்சு. அது வண்டாகி வெளியேறினால் தென்னங்குருத்தைக் குடைந்துவிடும். கண்ட உடனே பொறுக்கி எடுத்து அழித்துவிடுங்கள்.