மாதாவும் இல்லை, ஹரியும் இல்லை

உளவு பார்த்ததாக ஒரு பெண் கைதானால் போதும், மறுநாள் செய்தித்தாள் தலைப்பில் ‘மாதா ஹரி’ வந்து உட்கார்ந்துவிடும். அந்தப் பெயருக்குப் பொருள் என்ன, தமிழில் அதற்கு என்ன எழுதலாம்? மாதா என்றால் அம்மா, ஹரி என்றால் பெருமாள், ஏதோ வடமொழிப் பெயர் போலிருக்கிறது என்று பள்ளி நாளில் நானும் நினைத்ததுண்டு.

சொல் மலாய். ‘மாத்தா’ என்றால் கண். ‘ஹாரி’ என்றால் நாள். சேர்த்தால் ‘மாத்தாஹாரி’, நாளின் கண், அதாவது சூரியன். கோலாலம்பூரில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இது அன்றாடச் சொல். ஒரே சொல்லாகத்தான் அங்கே எழுதுவார்கள். மேடைக்காக அதை இரண்டாகப் பிளந்துகொண்டவர் ஒரு டச்சுக்காரி.

மார்கரெத்தா ஸெல்லெ என்பது அவருடைய பிறவிப் பெயர். 1876இல் நெதர்லாந்தின் லேவார்டன் நகரில் ஒரு தொப்பிக் கடைக்காரரின் மகளாகப் பிறந்தார். பத்திரிகையில் வந்த ‘பெண் தேவை’ விளம்பரத்துக்குக் கடிதம் போட்டு, தன்னைவிட இருபது வயது மூத்த கேப்டன் மக்லியோடை 1895இல் மணந்தார். டச்சுக் கிழக்கிந்தியப் படையில் வேலை பார்த்த கணவரோடு ஜாவாவிலும் சுமத்ராவிலும் குடித்தனம். குடி, அடி, 1899இல் மகனின் சாவு. மணவாழ்க்கை உடைந்து ஐரோப்பா திரும்பியவர் அங்கிருந்து கொண்டுவந்த மலாய்ச் சொல்தான் மேடைப் பெயரானது.

1905 மார்ச் 13. பாரிஸின் கிமே அருங்காட்சியகத்தில் நூலகத்தையே கோயில்போல ஜோடித்து, சிவன் சிலை முன் ஆடினார். மெல்லிய துணிகள் ஒவ்வொன்றாக நழுவின. கடைசியில் மிஞ்சியவை கல் பதித்த மார்க்கச்சும் நகைகளும்தான். பாரிஸ் கிறங்கிப்போனது. பூர்வீகம் கேட்டவர்களுக்கு அவர் அவிழ்த்துவிட்ட கதையைப் பாருங்கள்: தென்னிந்தியாவில், மலபார்க் கரையில், ‘ஜாஃப்னபட்டம்’ என்ற புண்ணிய நகரில் பிறந்தாராம். தாய் ‘கந்த சுவாமி’ கோயிலில் ஆடியவளாம். பதினான்கு வயதில் பிரசவத்தன்றே இறந்துபோனாளாம்.

‘ஜாஃப்னபட்டம்’ என்பது யாழ்ப்பாணம்தான். அந்த ஊர்க்காரர் ஒருவர் அங்கே இருந்திருந்தால், நல்லூர்க் கந்தன் எப்போது மலபாருக்குக் குடிபோனான் என்று கேட்டிருப்பார். ஆனால் அந்தப் புளுகுக்கும் ஒரு வேர் உண்டு. போர்த்துக்கீசரும் டச்சுக்காரரும் தமிழரையே ‘மலபார்கள்’ என்று எழுதி வைத்தவர்கள். யாழ்ப்பாணமோ 1658 முதல் 1795 வரை டச்சுக்காரர் கையில் இருந்தது. அந்தக் காலத்து ஏடு எதையோ அரைகுறையாகப் படித்ததுதான் இப்படி வாயில் வந்திருக்கிறது என்பது என் ஊகம். தாயின் தொழிலுக்கு அவர் சொன்ன ‘பயதேர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் இரவல்தான். நடனக்காரி என்ற பொருளுள்ள போர்த்துக்கீச ‘பைலதெய்ரா’வின் திரிபு. இத்தனைக்கும் அசல் தேவதாசிகளை பாரிஸ் 1838லேயே பார்த்துவிட்டது. அவர்கள் கடலூர் அருகே உள்ள திருவந்திபுரத்திலிருந்து கப்பலேறிப் போனவர்கள்.

முதல் உலகப் போரின்போது, ஜெர்மனிக்கு உளவு சொன்னதாக 1917 பிப்ரவரியில் பிரான்ஸ் அவரைக் கைது செய்தது. இராணுவ விசாரணை இரண்டே நாளில் முடிந்தது. அக்டோபர் 15 விடியலில் பாரிஸை ஒட்டிய வென்சென்னில் துப்பாக்கிகள் முன் நிறுத்தியபோது, கண்ணைக் கட்ட வேண்டாம் என்று மறுத்துவிட்டார். அவர் பெரிய இரகசியம் எதையும் விற்றதாகத் தெரியவில்லை என்பவர்கள் இன்று நிறையப் பேர். காதலர் பட்டியலும் கழற்றிய துணியும் சேர்ந்துதான் அவரைச் சுட்டன என்று எனக்குத் தோன்றும்.

இனி சொல்லுக்கு வருவோம். மலாயில் ‘மாத்தா’வை இரட்டித்து ‘மாத்தா-மாத்தா’ என்றால் உளவாளி! சூரியன் என்று வைத்துக்கொண்ட பெயருக்குள்ளேயே பாதி ஒற்று ஒளிந்திருந்தது. மலாய்க்காரருக்கு மட்டும் தோன்றியதல்ல இது. ‘ஒற்றும் உரைசான்ற நூலும் இவையிரண்டும் தெற்றென்க மன்னவன் கண்’ என்று 581ஆம் குறளும் ஒற்றரை அரசனின் கண்ணாகத்தான் சொல்கிறது.

ஆக, பெயருக்குப் பொருள் கேட்டால் ஞாயிறு. இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் பகலவன். பட்டமாகப் பயன்படுத்தும்போது ஒற்றர், உளவாளி; பேச்சுவழக்கில் வேவுக்காரி. ஒற்றர் என்பது ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. தலைப்பில் இடம் போதாது என்று உதவி ஆசிரியர்கள் முனகவும் முடியாது. ‘மாதா ஹரி’க்கு நான்கு எழுத்து, ‘ஒற்றர்’க்கும் நான்குதான்.