கருவாட்டுக் கணக்கில் நாய்த்தீனி

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் நான் போகும் கடையில் நாய்த்தீனி கேட்டால், "கிலோ எவ்வளவுல பாக்குறீங்க சார்?" என்பதுதான் முதல் கேள்வி. நாயின் வயது, எடை எல்லாம் அப்புறம். எந்தக் கம்பெனி மூட்டையாக இருந்தாலும் எங்கள் தெருவில் அதற்குப் பெயர் பெடிகிரிதான். கிலோ 180 ரூபாய்க்கும் இருக்கிறது, 600 ரூபாய்க்கும் இருக்கிறது. பார்வைக்கு இரண்டும் ஒரே பழுப்பு உருண்டை. தேவனாம்பட்டினம் கடற்கரையிலிருந்து பின்னாலேயே வந்து வீட்டோடு தங்கிவிட்ட எங்கள் கருப்பனுக்கு எதை வாங்குவது? ரொம்ப நாள் விலையையும், மூட்டையில் போட்டிருக்கும் புரதச் சதவீதத்தையும் பார்த்துத்தான் வாங்கிக்கொண்டிருந்தேன். இரண்டும் பாதிக் கதையைத்தான் சொல்லும்.

மக்காச்சோளம், அரிசிக் குருணை, சோயா, இறைச்சித் தூள் எல்லாவற்றையும் மாவாக அரைத்து, நீராவி விட்டுப் பிசைந்து, ஒரு நீளமான இரும்புக் குழாய்க்குள் தள்ளுகிறார்கள். உள்ளே சுழலும் திருகு மாவை நெருக்கிக்கொண்டே போகும். 100 டிகிரிக்கு மேல் சூடு, கூடவே அழுத்தம். முறுக்கு அச்சு மாதிரி ஓட்டை போட்ட தட்டின் வழியாக மாவு வெளியே வந்ததும் அழுத்தம் சட்டென்று விடுபடும். உள்ளிருக்கும் நீர் ஆவியாகி, மாவு பொரிபோல் உப்பும். நறுக்கி, ஈரம் சுமார் 10 சதவீதமாகும்வரை உலர்த்தி, மேலே கொழுப்பும் மணத்துக்கு இறைச்சிச் சாறும் தெளித்தால் தீனி தயார். அமெரிக்காவில் ரால்ஸ்டன் பூரினா நிறுவனம் 1957-ல் இந்த முறையில் செய்த தீனியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்றும் மலிவுச் சரக்கு, உயர்ரகச் சரக்கு இரண்டுமே பெரும்பாலும் இப்படித்தான் வருகின்றன.

மாவுச்சத்து இல்லாமல் இந்த உருண்டை உப்பாது. 'தானியம் இல்லாதது' என்று கூடுதல் விலைக்கு விற்பதிலும் பட்டாணியோ பருப்போ உருளைக்கிழங்கோ இருக்கும். அரிசியும் சோளமும் நாய்க்கு ஆகாது என்பதும் சரியில்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் அமைலேஸ் நொதிக்கான மரபணு ஓநாயிடம் 2 நகல்தான். நாய்களிடம் 4 முதல் 30 வரை இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2013-ல் காட்டினார்கள். மனிதன் போட்ட சோற்றைத் தின்றே மாறிய பிராணி அது. மாறாக, பருப்புவகை மிகுந்த தானியமில்லாத் தீனிக்கும் நாய்களின் இதயத் தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று 2018-ல் அமெரிக்க அரசு விசாரணையே தொடங்கியது. காரணம் உறுதியாகவில்லை. ஆனால் அந்தப் பெயருக்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க நான் தயாரில்லை.

அடுத்தது மூட்டையின் பின்பக்கப் பட்டியல். எது எடை அதிகமோ அது முதலில் வரும். ஆனால் அது சமைப்பதற்கு முன் இருந்த எடை. கடலூர் துறைமுகத்தில் கருவாடு காயவைப்பதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பச்சை மீன் மூன்று நான்கு கிலோ காய்ந்தால்தான் ஒரு கிலோ கருவாடு. பச்சைக் கோழிக்கறியிலும் ஏறக்குறைய 70 சதவீதம் தண்ணீர். முதல் இடத்தில் 'புதிய கோழிக்கறி' என்றிருந்தால், உலர்ந்த பிறகு அது நாலாவது இடத்துக்கு இறங்கியிருக்கலாம். 'சிக்கன் மீல்' என்று போட்டிருப்பது ஏற்கெனவே உலர்த்தி அரைத்த தூள். கேட்கக் கொஞ்சம் மட்டமாகத் தோன்றினாலும் கணக்கில் அதுதான் கருவாடு.

புரத எண்ணுக்கு வருவோம். பொதுவாக அது புரதத்தை நேரடியாக அளந்து போட்டதல்ல. டென்மார்க்கில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் இருந்த யோகான் கெல்டால் 1883-ல் தந்த முறைப்படி, தீனியில் உள்ள நைட்ரஜனை அளந்து 6.25-ஆல் பெருக்குகிறார்கள். புரதத்தில் சராசரியாக 16 சதவீதம் நைட்ரஜன் இருப்பதால் இந்தப் பெருக்கல். நல்ல கறியில் இருக்கும் நைட்ரஜனும் கோழி இறகில் இருக்கும் நைட்ரஜனும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். இந்த ஓட்டையில்தான் 2007-ல் பெரிய விபரீதம் நடந்தது. சீனாவிலிருந்து அமெரிக்கா போன கோதுமைப் புரதத்தில் மெலமின் கலந்திருந்தது. பிளாஸ்டிக் தொழிலில் பயன்படும் அந்தப் பொருளில் மூன்றில் இரண்டு பங்கு நைட்ரஜன். சோதனையில் புரதம் உயர்ந்து தெரிந்தது, அதைத் தின்ற நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் கெட்டுச் செத்தன.

ஆக, எண் பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, உள்ளே போனது செரிக்க வேண்டும். மலிவுச் சரக்குக்கும் உயர்ரகத்துக்கும் உண்மையான வித்தியாசம் பெரும்பாலும் இங்கேதான். அதற்கான ஆய்வுக்கூடம் உங்கள் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. தீனியை மாற்றியபின் நாய் எவ்வளவு கழிக்கிறது, கெட்டியாகக் கழிக்கிறதா என்று பாருங்கள். செரிக்காததெல்லாம் அங்கே வந்துவிடும். அள்ளுகிறவருக்குத் தெரியும்.

சரி, காசுக் கணக்கு. 100 கிராமில் உள்ள புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5-ஆலும் கொழுப்பை 8.5-ஆலும் பெருக்கிக் கூட்டினால் கலோரி வரும். மாவுச்சத்தைப் பொதுவாக மூட்டையில் போடமாட்டார்கள். புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் (அதாவது தாது உப்புகள்) எல்லாவற்றையும் 100-இல் கழித்தால் மிச்சம் அதுதான். மலிவுச் சரக்கில் புரதம் 22, கொழுப்பு 10, மாவுச்சத்து 45 என்று வைத்துக்கொண்டால் 320 கலோரி. உயர்ரகத்தில் 26, 16, 39 என்றால் 364. கருத்தடை செய்த 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குத் தோராயமாக 630 கலோரி வேண்டும். முதலாவது 197 கிராம், 35 ரூபாய். இரண்டாவது 173 கிராம், 104 ரூபாய். உயர்ரகத்தைக் குறைவாகப் போட்டால் போதும், விலை ஈடாகிவிடும் என்று கடையில் சொல்வார்கள். கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

விலையைவிட எங்கள் ஊரில் முக்கியமானது தீனி எவ்வளவு புதிது என்பது. கொழுப்பை உருண்டையின் மேல்தான் தெளித்திருக்கிறார்கள். காற்றும் வெயிலும் பட்டால் அது காறிப்போகும். ஒரு கடையில் திறந்த மூட்டையிலிருந்து லூஸில் 2 கிலோ வாங்கினேன். கருப்பன் ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டான். நான் முகர்ந்தபோதுதான் புரிந்தது. தீபாவளி முறுக்கு டின்னைப் பொங்கல் கழித்துத் திறந்தால் வருமே, அந்தச் சிக்கு வாடை. கடலோர ஈரத்தில் பூஞ்சையும் சேரும். விருத்தாசலம் பக்கம் மல்லாட்டை (நிலக்கடலை) போடுகிறவர்களுக்கு, பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளடாக்ஸின் என்ற நஞ்சு புதிதல்ல. 1960-ல் இங்கிலாந்தில் லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தபோது, அவை தின்ற கடலைப் புண்ணாக்கிலிருந்துதான் அந்த நஞ்சே கண்டுபிடிக்கப்பட்டது. மக்காச்சோளத்திலும் வரும். சமைத்தாலும் முழுக்கப் போகாது, நாயின் ஈரலைத் தாக்கும்.

எனவே பிரித்த பை ஆறு வாரத்துக்குள் தீர வேண்டும். கருப்பனுக்கு 20 கிலோ மூட்டை மூன்றரை மாதம் வரும். கிலோவுக்குப் பத்து இருபது மிச்சம் பிடிக்கப்போய்க் கடைசி இரண்டு மாதம் காறல் தீனி போடுவதா? தீனியை டின்னில் கொட்டாமல் பையோடு டின்னுக்குள் வைப்பது நல்லது. பழைய எண்ணெய்ப் பிசுக்கு டின்னில் தங்கி அடுத்த சரக்கையும் கெடுக்கும்.

ஒரே ஓர் இடத்தில் நான் விலை பார்க்கச் சொல்லமாட்டேன். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, கிரேட் டேன் மாதிரிப் பெரிய ஜாதிக் குட்டிகள். குடலுக்கு வரும் கால்சியத்தில் வேண்டாததைத் தள்ளிவிடும் திறமை குட்டிகளுக்கு முழுதாக வந்திருக்காது. அதிகம் கொடுத்தால் எலும்பு கோணலாக வளரும். பெரிய இனக் குட்டிகளுக்கென்றே அளவோடு செய்த தீனி அவற்றுக்கு அவசியம். வலுவாகட்டும் என்று மேலே கால்சியம் டானிக் ஊற்றுவது கெடுதல்.

வளர்ந்த, நோயில்லாத கருப்பன் மாதிரி நாட்டு நாய்க்கு நடுத்தர விலையே போதும். மூட்டையில் 'முழுமையான, சமச்சீர் உணவு' என்று இருக்க வேண்டும். தயாரித்த தேதி கிட்டத்தில் இருக்க வேண்டும். இப்போது 3 கிலோ பையாக வாங்குகிறேன், 16 நாளில் தீர்ந்துவிடுகிறது. பழைய தீனியோடு ஒரு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றினேன், வயிறு கெடவில்லை. "600 ரூபா சரக்கு வேணாமா சார்?" என்று கடைக்காரர் இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்.