மூப்பர்: வயதா, பொறுப்பா?

ஆராதனை முடியும்போது "இப்போது எல்டர் ஜெபம் பண்ணுவார்" என்று அறிவிக்கிறார்கள். நரைத்த தலை ஒன்று எழும் என்று பார்த்தால், மடியில் இருந்த குழந்தையை மனைவியிடம் கொடுத்துவிட்டு முப்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் எழுந்து நிற்கிறார். புதிதாக வந்தவருக்குக் குழப்பம்தான். எல்டர், அதாவது மூப்பர், என்றால் வயதில் மூத்தவர் இல்லையா?

சொல்லின் பிறப்பு அப்படித்தான். புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் இருப்பது 'பிரெஸ்புட்டெரோஸ்'. முதியவர் என்ற பொருளுள்ள 'பிரெஸ்புஸ்' என்ற சொல்லிலிருந்து வந்தது. 'இன்னும் மூத்தவர்' என்று ஒப்பிட்டுச் சொல்லும் வடிவம். கெட்ட குமாரன் கதையில் வீட்டிலேயே இருந்த மூத்த மகனுக்கும் இதே சொல்தான். 1 தீமோத்தேயு 5ஆம் அதிகாரத்தைப் பாருங்கள்: முதல் வசனத்தில் இந்தச் சொல் வயதானவரைக் குறிக்கிறது, 17ஆம் வசனத்தில் சபையின் பொறுப்பாளரைக் குறிக்கிறது. தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு முன்னதை 'முதிர்வயதுள்ளவன்' என்றும் பின்னதை 'மூப்பர்' என்றும் பிரித்துக்கொண்டது. நல்ல தீர்ப்பு.

இதற்கு முன்னோடியான எபிரெயச் சொல் 'ஸாக்கேன்'. தாடிக்கு எபிரெயத்தில் 'ஸாக்கான்'. தாடி வளர்ந்தவர், ஆகவே பெரியவர். எண்ணாகமம் 11இல் மோசேயின் பாரத்தைச் சுமக்க எழுபது பேர் பிரிக்கப்படுகிறார்கள். அவர்கள் இந்தப் பெரியவர்களிலிருந்து எடுக்கப்பட்டவர்கள். ஆக, கிறிஸ்தவச் சபை இந்தப் பதவியைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. யூத சமூகத்தில் பழகிய ஏற்பாட்டையே எடுத்துக்கொண்டது.

அப்புறம், இதே ஆட்களுக்கு இன்னும் இரண்டு பெயர்கள் உண்டு. அப்போஸ்தலர் 20இல் பவுல் மிலேத்துவில் இறங்கி எபேசு சபையின் மூப்பரை வரவழைக்கிறார். வந்தவர்களிடம், பரிசுத்த ஆவி உங்களைக் 'கண்காணிகளாக' வைத்தார், சபையை 'மேய்ப்பதற்கு' வைத்தார் என்கிறார். மூப்பர், கண்காணி, மேய்ப்பர் மூன்றும் அங்கே ஒரே கூட்டத்தார்தான். முதல் சொல் ஆள் எப்படிப்பட்டவர் என்கிறது. மற்ற இரண்டும் அவர் செய்யும் வேலையைச் சொல்கின்றன. 'கண்காணி' கிரேக்க 'எபிஸ்கொப்போஸ்' என்பதற்கு நேர்த் தமிழ். மேலே நின்று பார்ப்பவர் என்று பொருள். பிஷப் என்ற சொல் அதன் தேய்ந்த வடிவம்தான். அழகான சொல், ஆனால் இலங்கை, மலாயா தோட்டங்களில் கூலி பிடித்த 'கங்காணி' அதன் சுவையைக் கெடுத்துவிட்டான். கத்தோலிக்க விவிலிய மொழிபெயர்ப்பு 'சபைக் கண்காணிப்பாளர்' என்று நீட்டியது அதனால்தானோ என்னவோ.

ஒரே ஆளுக்கு இருந்த பெயர்கள் பின்னர் தனித்தனிப் பதவிகளாகப் பிரிந்தன. இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தியோக்கியாவின் இக்னேஷியஸ் எழுதிய கடிதங்களிலேயே பிஷப் ஒருவர், அவருக்குக் கீழே மூப்பர்கள், அப்புறம் உதவி ஊழியர்களான டீக்கன்கள் என்ற வரிசை வந்துவிடுகிறது. 1541இல் ஜெனீவாவில் சீர்திருத்தவாதி கால்வின் வகுத்த சபை ஒழுங்கு, போதகருக்குப் பக்கத்தில் பன்னிரண்டு மூப்பர்களை உட்கார வைத்தது. அவர்கள் குருமார் அல்ல, நகர மன்றங்களின் உறுப்பினர்கள். மூப்பர்கள் சேர்ந்து நடத்தும் பிரஸ்பிட்டேரியன் சபைகளின் எல்டர் அந்த வழி வந்தவர். தென்னிந்தியத் திருச்சபையிலோ 'பிரஸ்பிட்டர்' என்றால் குருப்பட்டம் பெற்ற போதகரே. ஆங்கிலத்தில் குருவைக் குறிக்கும் 'பிரீஸ்ட்' கூட இதே கிரேக்கச் சொல்லிலிருந்து வந்ததுதான்.

தமிழில் 'ஆயர்' என்ற சொல்லும் இப்படித்தான் படுத்துகிறது. கத்தோலிக்கரிடம் ஆயர் என்றால் பிஷப், பேராயர் என்றால் ஆர்ச்பிஷப். தென்னிந்தியத் திருச்சபையில் ஆயர் போதகர், பேராயர் பிஷப். அழைப்பிதழ் அச்சடிப்பவர் எந்தச் சபை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

சரி, எல்டருக்குச் சரியான தமிழ் எது? சிலர் 'ஆன்மிகத் தலைவர்' என்கிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தலைவர் என்றால் ஒருவர் மேலே, மற்றவர் கீழே. எபிரெயர் 13இல் தலைவர் என்று போட வாய்ப்பிருந்த இடத்திலும் பழைய மொழிபெயர்ப்பு 'உங்களை நடத்துகிறவர்கள்' என்றுதான் சொல்கிறது. 'பெரியவர்' மரியாதைச் சொல். பொறுப்பு அதில் இல்லை. 'மூப்பர்'தான் பொருந்துகிறது. 'பிணி, மூப்பு, சாக்காடு' என்று அடுக்கிக் கேட்ட காதுக்கு அது தளர்ச்சியாகப் படலாம். ஆனால் 'மூ' என்ற அடிச்சொல்லுக்கு முதிர்தல் என்ற பொருளும் உண்டு. 'அறனறிந்து மூத்த அறிவுடையார்' என்கிறது குறள் 441. வயதோடு அறம் அறிந்த முதிர்ச்சியும் அந்த 'மூத்த'வில் இருக்கிறது. தீத்து 1இல் மூப்பருக்கான தகுதிகளை வாசித்தால் முற்கோபம் கூடாது, மது மயக்கம் கூடாது, அந்நியரை உபசரிக்க வேண்டும் என்றுதான் வரும். இத்தனை வயது ஆகியிருக்க வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. குழந்தையைக் கொடுத்துவிட்டு எழுந்தவருக்கு அங்கே தடை ஏதும் கிடையாது.

எழுதும்போது ஒருவரை 'மூப்பர்' என்றும் பலரை 'மூப்பர்கள்' என்றும் எழுதலாம். பழைய மொழிபெயர்ப்பில் 'மூப்பர்' தனியாகவே பன்மைக்கும் வரும், ஒருமை 'மூப்பன்'. பேதுரு மூப்பர்களுக்குப் புத்தி சொல்லத் தொடங்கும் இடத்தில் தன்னை அப்போஸ்தலன் என்று சொல்லிக்கொள்ளவில்லை, 'உடன்மூப்பன்' என்கிறார்.