உணவு விரயம்

உண்பதற்கென வாங்கிய உணவு உண்ணப்படாமல் குப்பைக்குப் போவதை நம் நாளிதழ்கள் பெரும்பாலும் ‘உணவு விரயம்’ என்றே எழுதுகின்றன. வடமொழி ‘வ்யய’ என்பதன் தமிழ் வடிவமே விரயம். (‘விரையம்’ என்று எழுதுவது பிழை.) மூலச்சொல்லுக்கு நீங்கிப்போதல், செலவாதல் என்பன பொருள். அறுபது ஆண்டு வட்டத்தில் 20ஆவதான ‘விய’ ஆண்டின் பெயரும் இதுவே. சோதிடர் பன்னிரண்டாம் இடத்தை விரய ஸ்தானம் என்பதும், பஞ்சாங்கத்தில் ஆதாயத்துக்கு எதிரே விரயம் நிற்பதும் செலவு என்ற பொருளில்தான். இன்றைய பேச்சில் அச்சொல் வீண்செலவையும், அதைச் செய்தவரின் ஊதாரித்தனத்தையும் சேர்த்தே குறிக்கிறது.

துறைசார் வழக்கில் இழப்பும் விரயமும் வேறு. அறுவடைக்குப் பின் சில்லறைக் கடையை எட்டும் முன் கெடுவது உணவு இழப்பு; கடையிலும் உணவகத்திலும் வீட்டிலும் எறியப்படுவது விரயம். திருகோணமலைக் கடலில் ஐஸ் போதாமல் வள்ளத்திலேயே பழுதாகும் மீன் முதல் வகையிலும், வாங்கிய வீட்டில் பழுதாகும் மீன் இரண்டாவது வகையிலும் சேரும். ஐக்கிய நாடுகள் சுற்றாடல் நிகழ்ச்சித்திட்டம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, தோல், எலும்பு போன்ற உண்ண முடியாத பகுதிகள் உட்பட, 2022இல் உலகில் 1.05 பில்லியன் தொன் உணவு விரயமானது. அதில் 60 வீதம் வீடுகளில். வசதியான நாடுகளுக்கும் நடுத்தர வருமான நாடுகளுக்கும் இடையே வீட்டு விரயத்தில் ஆளுக்கு ஆண்டொன்றில் ஏறத்தாழ 7 கிலோ மட்டுமே வேறுபாடு காணப்பட்டதால், கையில் காசு குறைந்தால் விரயமும் தானாகக் குறையும் என்ற எண்ணம் அத்தனை உறுதியானதல்ல.

இங்கே பொருளாதாரப் பாதுகாப்பின்மை என்பதை வறுமையிலிருந்து பிரித்துப் பார்க்க வேண்டும். இன்று வருமானம் இருந்தும் நாளை எவ்வளவு வரும், வருமா என்பது தெரியாத நிலையே அது. வாடைக்காற்று மாதங்களில் கடல் கொந்தளித்துத் தொழில் முடங்கும் என்று அறிந்த மீனவக் குடும்பம், காசு இருக்கும்போதே மாவும் பருப்பும் கூடுதலாக வாங்கி வைக்கிறது. மாரியின் ஈரத்தில் மாவு கட்டிபட்டு, பருப்பில் வண்டு விழுந்தால், வருங்காலத்துக்கு அஞ்சி வாங்கியதே எறிய வேண்டியதாகிறது. அந்தியில் சூடையும் சாளையும் கூறு கூறாக மலிந்து விற்கும்போது இரண்டு கூறு வாங்குவது தவறான கணக்கல்ல. ஆனால் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இரண்டாவது கூற்றை அன்றிரவே கழுவி உப்பிட்டு, மறுநாள் வெயிலில் காயவைக்க வேண்டும். வெயில் இல்லையெனில் அது கருவாடாவதில்லை.

இலங்கையின் 2022 பொருளாதார நெருக்கடியில் இந்நிலை எல்லார் வீட்டுக்கும் வந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். மார்ச் இறுதியில் மின்வெட்டு ஒரு நாளில் 13 மணி நேரம்வரை நீண்டதால் குளிர்சாதனப் பெட்டி வைத்திருந்தவர்களும் இல்லாதவர்களைப் போலவே ஆனார்கள். சமையல் எரிவாயு கிடைக்காமல் ஒரே தடவையில் மூன்று வேளைக்கும் சமைத்தால், மறுபடி சூடாக்க வழியின்றிச் சோறு இரவுக்குள் புளித்துவிடும். தண்ணீர் ஊற்றி வைத்துப் பழஞ்சோறாக்கத் தெரிந்த வீடுகளில் சோறு தப்பியது. தேங்காய்ப்பால் சேர்ந்த கறி தப்பவில்லை.

ஆங்கிலத்தின் ‘food waste’ என்பதற்கு ‘உணவுக் கழிவு’ என்ற மொழிபெயர்ப்பும் உலவுகிறது. அது எஞ்சிய தோலுக்கும் கொட்டைக்கும் பொருந்துமேயன்றி, உண்ணக்கூடியதாயிருந்து கெட்ட சோற்றுக்கு இழுக்கு. மேலும் இலங்கைத் தமிழில் கடைக்காரர் தரும் விலைத் தள்ளுபடிக்கும் கழிவு என்றே பெயர். சுப்பர்மார்க்கெட்டில் காலாவதியை நெருங்கிய தயிருக்கு ‘50 வீதக் கழிவு’ என்று ஒட்டியிருப்பதைக் கண்டு, பணமுடையில் இருப்பவர் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி, ஒன்றை எறிகிறார். ஒரு கழிவு மற்றொரு கழிவுக்குக் காரணமாவதை விளக்க அதே சொல்லைப் பயன்படுத்தினால் வாசகர் குழம்புவார்.

ஆகவே ‘உணவு வீணாதல்’, ‘உணவு வீணாக்கல்’ என்ற இரண்டையும் கையாளலாம் என்பது என் கருத்து. தன்வினையும் பிறவினையுமாக அவை பிரிவது இங்கே பெரும் உதவி. திருமண மண்டபத்தில் இலையோடு சுருட்டப்படும் சோற்றை வீணாக்கினார்கள் என்று எழுதலாம். மின்சாரமின்றிப் பழுதான மீன் வீணானது, அதை எவரும் வீணாக்கவில்லை. இரண்டையும் விரயம் என்றால் மீனை இழந்த வீட்டுக்காரி ஊதாரியாகிவிடுகிறாள். நிறையில் அளக்கும் அறிக்கைகளுக்கு ‘வீணான உணவு’ என்பது போதும். எறிந்ததன் விலையை ரூபாயில் கூட்டி மாதச் செலவோடு வைத்துப் பார்க்கும் இடத்தில், தன் பழைய பொருளிலேயே, விரயம் என்ற சொல் இருக்கலாம்.