கடலைக் காணோம்: அந்தமானில் அறை எடுக்கும் முன்

"தம்பி, கடலைக் காணோம்ப்பா."

ஹேவ்லாக் தீவிலிருந்து ஒருநாள் மாலை 4 மணிக்கு வந்த போன் இது. பேசியவர் விருதுநகர்ப் பக்கம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். மனைவி, மகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு போயிருந்தார். "படத்துல தென்னை மரத்தடி வரைக்கும் தண்ணி இருந்துச்சு. இங்க வந்து பாத்தா சேறும் பாறையுமா கிடக்கு. பிள்ளைங்க டவலோட நிக்குதுங்க" என்றார்.

அந்த அறையைப் பிடித்துக் கொடுத்தவன் நான்தான். விடுதிக்காரர்களும் பொய் சொல்லவில்லை. படம் உண்மையான படம், கடலும் அதே கடல். படத்தைக் கடல் ஏறியிருந்த நேரத்தில் எடுத்திருந்தார்கள், இவர்கள் வற்றிய நேரத்தில் போய் இறங்கியிருந்தார்கள். போதாததற்கு அது பௌர்ணமிக்கு மறுநாள். அதுவரை நான் அறைகளை நட்சத்திரம் பார்த்தும் விமர்சனம் பார்த்தும் விற்றுக்கொண்டிருந்தேன். அந்த போனுக்கு அப்புறம்தான் கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கத் தொடங்கினேன்.

விஷயம் சிக்கலானதில்லை. அந்தமானில் கடல் ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை வற்றும். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நடுவே ஏறக்குறைய 6 மணி நேரம். ஒவ்வொரு நாளும் இந்த நேரம் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டி ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள உயர வித்தியாசம் மிக அதிகம், பாதி நிலா நாட்களில் மிகக் குறைவு. மெரினாவில் இது நம் கண்ணுக்கே தெரிவதில்லை. ஹேவ்லாக்கின் கிழக்குக் கரை அப்படியில்லை. அங்கே கரையிலிருந்து வெகுதூரத்துக்கு ஆழமே கிடையாது, அடியில் பவளப்பாறைத் திட்டு. தண்ணீர் கொஞ்சம் இறங்கினாலே பாறை தலை தூக்கிவிடும். வெறுங்காலோடு இறங்கினால் பாதம் கிழிந்துபோகும்.

பெரும்பாலான விடுதிகள் இருப்பதோ அந்தக் கிழக்குக் கரையில்தான். 3-ஆம் எண் கடற்கரையான கோவிந்த் நகர், 5-ஆம் எண் கடற்கரையான விஜய்நகர். படகுத்துறைக்கும் கடைவீதிக்கும் கிட்டே, சூரிய உதயம் அருமையாக இருக்கும், விலையும் எல்லா ரகத்திலும் கிடைக்கும். நீங்கள் படங்களில் பார்த்து மயங்கும் அந்த அகன்ற வெண்மணல் கடற்கரை, 7-ஆம் எண் ராதாநகர், தீவின் மேற்கே இருக்கிறது. படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். மணல் சரிவாக இறங்குவதால் கடல் வற்றினாலும் குளிக்கத் தண்ணீர் இருக்கும். ஆனால் அந்தப் பக்கம் தங்கும் இடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை, அவற்றில் சில நம் பட்ஜெட்டைக் கேட்டால் சிரிக்கும்.

அதனால் விஜய்நகரில் தங்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. நானே இன்றைக்கும் அதிகம் அனுப்புவது அங்கேதான். தங்குவது அங்கே, குளிப்பது ராதாநகரில் என்று முதலிலேயே சொல்லி அனுப்புகிறேன், அவ்வளவுதான். விடுதிக் கரையிலேயே பிள்ளைகள் விளையாட வேண்டும் என்று கேட்பவர்களுக்கு வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரி காலண்டரைப் பார்க்கச் சொல்வேன். அஷ்டமி, நவமியில் நாம் நல்ல காரியம் எதையும் தொடங்குவதில்லை. ஆனால் கடல் அதிகம் வற்றாத நாட்கள் அவற்றை ஒட்டித்தான் வரும். அதோடு, அந்த நாளில் எத்தனை மணிக்கு ஏற்றம் என்று விடுதியில் கேட்டுக்கொள்ளுங்கள். எந்த விடுதியில் கேட்டாலும் சொல்வார்கள். நாம்தான் கேட்பதில்லை.

இன்னொரு நேரக் கணக்கும் உண்டு. அந்தமான் நமக்கு வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் நம்முடையதே. டிசம்பரில் மாலை 5 மணியளவிலேயே சூரியன் மறைந்துவிடும். 3 மணிக்குப் படகிலிருந்து இறங்கி, அறைக்குப் போய், குளித்துச் சாப்பிட்டுவிட்டு ராதாநகரில் அஸ்தமனம் பார்க்கலாம் என்றால் இருட்டைத்தான் பார்ப்பீர்கள். காலைப் படகில் போய்ச் சேருங்கள், முடியாவிட்டால் ராதாநகரை மறுநாளைக்கு வையுங்கள்.

பெயர்க் குழப்பம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். 2018 முதல் ஹேவ்லாக்கின் பெயர் சுவராஜ் தீவு, நீல் தீவு ஷாகீத் தீவு. 2024-இல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. டிக்கெட்டில் எது வந்தாலும் பயப்பட வேண்டாம்.

நீல் தீவு சின்னது, எங்கே தங்கினாலும் எல்லாம் பக்கம்தான். அங்கே இடத்தைவிட அமைதியைப் பார்த்து எடுங்கள். அங்குள்ள இயற்கைப் பாறைப் பாலத்துக்குப் போகவும் வற்றம்தான் வேண்டும். ஹேவ்லாக்கில் நம்மைக் கடுப்பேற்றிய அதே வற்றம்.

போர்ட் பிளேரில் கடல் பார்த்த அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பதை நான் ஊக்குவிப்பதில்லை. அங்கே நாம் தங்குவது பயணத்தின் வசதிக்காக. அபர்தீன் பஜார் சுற்றுவட்டாரத்தில் எடுத்தால் செல்லுலார் சிறைக்கும் படகுத்துறைக்கும் போய்வரச் சுலபம், தமிழிலேயே பேரம் பேசலாம், இட்லிக்கு அலைய வேண்டாம். பாரடாங் தீவுக்குப் போவதாக இருந்தால் முந்தின இரவு நகரத்தில்தான் இருந்தாக வேண்டும். ஜாரவா பழங்குடியினர் காப்பகத்தின் வழியே வண்டிகள் காவலோடு அணியாகத்தான் போகும். முதல் அணி காலை 6 மணிக்கு ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து கிளம்பும். அதைப் பிடிக்க விடியற்காலை 4 மணிக்குள் அறையை விட்டுக் கிளம்ப வேண்டும்.

இதைவிட முக்கியமானது கடைசி இரவு. அதை எக்காரணம் கொண்டும் ஹேவ்லாக்கிலோ நீலிலோ வைக்காதீர்கள். காற்று கூடினால் படகை நிறுத்திவிடுவார்கள். காலைப் படகில் வந்து மதிய விமானம் ஏறிவிடலாம் என்று கணக்குப் போட்டு, இருபதாயிரத்துக்கு மேல் விமான டிக்கெட்டைக் கோட்டைவிட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும். மே மாதமும், அக்டோபர், நவம்பரும் புயல் காலம், அப்போது இன்னும் கவனம். ஸ்கூபா டைவிங் செய்கிறவர்களுக்குக் கூடுதல் காரணம் உண்டு. டைவிங்குக்கும் விமானம் ஏறுவதற்கும் நடுவே குறைந்தது 18 மணி நேரமாவது இடைவெளி வேண்டும்.

சரி, அறைக்கு வருவோம். 'பீச் ஃபிரண்ட்' என்றால் அறையிலிருந்து மணலில் கால் வைக்கலாம் என்று நினைப்போம். விடுதி நிலத்தின் ஒரு முனை கடலைத் தொட்டாலே அப்படிப் போட்டுவிடுகிறார்கள். நம் அறை மறுமுனையில் சமையலறைக்குப் பின்னால் இருக்கும். 'சீ வியூ' என்பதில் இரண்டு தென்னைக்கு நடுவே தெரியும் ஒரு நீலக் கோடும் அடக்கம். நான் செய்வது இதுதான்: நமக்குத் தரப்போகும் அதே ரக அறையின் கதவைத் திறந்து, கடல் வரை நடந்தபடியே ஒரு வீடியோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வேன். இரண்டு நிமிட வேலை. படிகள், நடுவில் ரோடு, ஜெனரேட்டர் இரைச்சல், மூட்டுவலிக்காரர்களுக்கு நடக்க முடியுமா, எல்லாம் அதில் வந்துவிடும். குடில்களில் பல தரையிலிருந்து உயர்த்தி மரக்கால்மேல் கட்டியவை, ஏறி இறங்கப் படிகள் உண்டு. அம்மா அப்பாவை அழைத்துப் போகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

ஜெனரேட்டர் என்றதும் ஞாபகம் வருகிறது. தீவில் மின்சாரம் பெருமளவு டீசலில்தான் ஓடுகிறது, போய்ப் போய் வரும். 'பவர் பேக்கப் இருக்கா?' என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். 'அதில் ஏசி ஓடுமா, ஃபேன் லைட் மட்டுமா?' என்று கேளுங்கள், பதில் மாறும். பிப்ரவரிக்கு மேல் போனால் தண்ணீர் எப்படி என்றும் கேளுங்கள். இன்டர்நெட்டும் அப்படித்தான். 2020-இல் சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் போன பிறகு நிலைமை எவ்வளவோ மேல், ஆனால் அறையில் உட்கார்ந்து ஆபீஸ் மீட்டிங் என்று திட்டமிட்டுப் போகாதீர்கள். காலையிலும் அந்தியிலும் கரையில் மணல்பூச்சி கடிக்கும், தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில் கொண்டுபோங்கள். ஓடை கடலில் சேரும் இடத்தில் முதலை எச்சரிக்கைப் பலகை இருந்தால், அது வேடிக்கைக்கு வைத்ததல்ல.

இனி எங்கள் தொழில் ரகசியம் ஒன்று. பேக்கேஜ் தாள்களில் விடுதிப் பெயருக்குப் பக்கத்தில் 'அல்லது அதற்கு நிகரானது' என்று சின்ன எழுத்தில் இருக்கும். டிசம்பர் கடைசியில் அந்த நிகரானது எங்கோ ஒரு சந்துக்குள் இருக்கும். விடுதிப் பெயர், அறை ரகம், தேதி மூன்றையும் எழுத்தில் வாங்கிக்கொண்டு, விடுதிக்கே நேராக போன் போட்டு உங்கள் பெயரில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஏஜென்ட் கோபித்துக்கொண்டால் வேறு ஏஜென்டைப் பாருங்கள். நான் கோபித்துக்கொண்டாலும்தான்.

இரண்டு வருடம் முன்பு ஆண்டுக் கடைசியில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று, யாரோ ஒரு நண்பர் கொடுத்த எண்ணிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். இணையத்தில் நல்ல விடுதி ஒன்றின் படங்களோடு இருந்த பக்கத்தில் முழுப் பணமும் கட்டியிருக்கிறார்கள். ஜிபேயில் பணம் போனது ஒரு தனிநபர் பெயருக்கு. வரவேற்பறையில் இவர்கள் நீட்டிய வவுச்சரைப் பார்த்து, இந்த வாரம் இது மூணாவது என்றிருக்கிறார் அந்தப் பையன். தீவு முழுக்க அறை இல்லை. நான் ஒன்பது பேருக்கு போன் போட்டு, கடைவீதியில் ஒரு கடைக்கு மேலே ஒரே ஒரு அறை கிடைத்தது. ஐந்து பேர் அதில் படுத்தார்கள். இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யச் சொன்னேன். பணம் கட்டி 6 வாரம் ஆகியிருந்தது.