முத்தோரையில் அணைந்த போன், மேட்டுப்பாளையத்தில் உயிர்பெற்றது எப்படி?

ஜனவரி மாதத்தில் விடியற்காலை நான்கு மணிக்கே ஊட்டிக்கு அருகிலுள்ள முத்தோரை பாலாடாவின் கேரட் தோட்டங்களில் விளக்குகள் எரியும். கிழங்கைப் பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி, லாரியில் ஏற்றினால்தான் மலையடிவாரத்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு நேரத்தோடு போய்ச் சேரும். அந்த நேரத்தில் என் மாமாவுக்கு மண்வெட்டிக்கு அடுத்த கருவி போன்தான். எத்தனை மூட்டை, என்ன விலை, லாரி எங்கே வருகிறது, எல்லாமே அதில்தான்.

சென்ற குளிர்காலத்தில் அந்த போன் தகராறு செய்யத் தொடங்கியது. புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும் காலைகளில், 36 சதவீதம் சார்ஜ் காட்டிக்கொண்டிருக்கும்போதே பேச்சின் நடுவில் அணைந்துவிடும். அதே லாரியில் ஏறி மேட்டுப்பாளையம் இறங்கியதும் பொத்தானை அழுத்தினால் எரியும். நடுவில் யாரும் சார்ஜ் போட்டிருக்க மாட்டார்கள். ஆனாலும் முப்பதுக்கு மேல் சதவீதம் காட்டும்.

நகரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனார். சோதித்துக்கொண்டிருக்கும்போதே போன் அணைந்தது. “தானாக அணைகிறது” என்று எழுதி, பழைய போனுக்கு 1,500 ரூபாய் விலை சொன்னார்கள். புதிய போன் 18,000 ரூபாய், ஆறு தவணை. மாமா கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். “ஒரு நாள் பொறுங்கள் மாமா, போன் கெட்டிருக்காது” என்றேன். அவருக்குச் சொன்ன விளக்கத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். மலையில் வாழ்பவர்கள் போன் மாற்றும்போது கைப்பணத்தை இழப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

போனில் இருப்பது லித்தியம் அயனி பேட்டரி. 1991-இல் சோனி நிறுவனம் இதை முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. இதற்கு அடித்தளமிட்ட ஜான் குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு பக்கம் பென்சில் முனையில் இருக்கும் அதே கிராஃபைட். மறுபக்கம் பெரும்பாலும் கோபால்ட் கலந்த ஆக்சைடு. இரண்டுக்கும் நடுவே ஒரு திரவம். நாம் போனைப் பயன்படுத்தும்போது லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளிலிருந்து வெளியேறி, திரவத்தை நீந்திக் கடந்து, ஆக்சைடுக்குள் குடியேறுகின்றன. சார்ஜ் போடும்போது அதே வழியில் திரும்பி வருகின்றன.

ஊட்டிப் பக்கம் குளிர்காலத்தில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது. வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்து இளக்கித்தான் தலைக்குத் தேய்க்கிறோம். பேட்டரியின் திரவம் அந்த அளவுக்கு உறைவதில்லை. ஆனால் குளிரக் குளிர அதுவும் தடிக்கிறது, அயனிகளின் நடை தளர்கிறது. திரவத்திலிருந்து கிராஃபைட்டுக்குள் நுழைவதும் வெளியேறுவதும்கூட மெதுவாகின்றன. இந்தத் தயக்கம் எல்லாவற்றையும் சேர்த்து பேட்டரியின் அகத்தடை என்கிறோம்.

குளிர் மட்டும் காரணமென்றால் புதிய போனும் அணைய வேண்டுமே? இங்குதான் வயது வருகிறது. பால் ஆறும்போது மேலே ஆடை படிவதுபோல, கிராஃபைட்டின் மேல் மெல்லிய படலம் ஒன்று முதல் சார்ஜிலேயே படிந்துவிடுகிறது. அது தேவையானதுதான், பேட்டரியைக் காப்பதும் அதுதான். ஆனால் ஒவ்வொரு சார்ஜுக்கும் அது இம்மியளவு தடித்துக்கொண்டே போகிறது. தடிப்பதற்கு வேண்டிய லித்தியத்தைப் பேட்டரியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே கொள்ளளவும் குறைகிறது, அயனிகள் கடக்க வேண்டிய தடையும் ஏறுகிறது.

இப்போது ஒரு கணக்கு போடலாம். எண்கள் உதாரணத்துக்குத்தான், ஆனால் நடப்பது இப்படித்தான். 36 சதவீதத்தில் பேட்டரியின் மின்னழுத்தம் 3.75 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். பேச்சு, திரை, இணையம் எல்லாம் ஒன்றுசேரும் ஒரு நொடியில் போன் 2.5 ஆம்பியர் கேட்கிறது. அகத்தடை 0.1 ஓம் உள்ள புதிய பேட்டரியில் 0.25 வோல்ட் சரிந்து 3.5 நிற்கும். போனுக்கு அது போதும். பழைய பேட்டரி மேட்டுப்பாளையத்து வெப்பத்தில் 0.15 ஓம் தடை காட்டினால் 3.37 வோல்ட் நிற்கும். தட்டுத்தடுமாறித் தாங்கிவிடும். அதே பேட்டரி முத்தோரை உறைபனியில் 0.3 ஓம் காட்டினால் சரிவு 0.75 வோல்ட், மிச்சம் 3.0. போனின் காவல் சுற்று உடனே மின்சாரத்தை வெட்டிவிடுகிறது. தொட்டியில் தண்ணீர் இருக்கிறது, குழாய்தான் அடைத்துக்கொண்டது. வெப்பம் திரும்பினால் குழாய் திறந்துகொள்கிறது. மாமாவின் போன் மேட்டுப்பாளையத்தில் எழுந்த கதை இவ்வளவுதான்.

இது மலைக்காரர்களுக்கு மட்டும் வந்த தொல்லையும் அல்ல. பழைய பேட்டரிகொண்ட ஐபோன்கள் திடீரென அணையாமல் இருக்க, அவற்றின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக ஆப்பிள் நிறுவனம் 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு எழுந்ததும் அமெரிக்காவில் 79 டாலராக இருந்த பேட்டரி மாற்றுக் கட்டணத்தை 29 டாலராக இறக்கியது. ‘போன் மெதுவாகிவிட்டது, புதிது வாங்க வேண்டும்’ என்று நினைத்திருந்த பலருக்குத் தேவைப்பட்டது ஒரு பேட்டரி மட்டுமே.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீலகிரியில் பலரும் இதைத் தலைகீழாக நம்புகிறார்கள். குளிர்ந்த காற்று பேட்டரியைக் கெடுப்பதில்லை. கெடுப்பது சூடு, அதிலும் நூறு சதவீதம் சார்ஜோடு சேர்ந்த சூடு. நம் ஊர்க் குளிர் செய்வதெல்லாம் ஏற்கெனவே மூப்படைந்த பேட்டரியைக் காட்டிக்கொடுப்பதுதான். கோயம்புத்தூரில் இன்னும் ஓராண்டு மறைந்திருக்கக்கூடிய குறை இங்கே ஒரே விடியலில் தெரிந்துவிடும். ஒரே ஒரு விலக்கு: பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் போனுக்குச் சார்ஜ் போடக் கூடாது. அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் மேலேயே உலோகமாகப் படிந்துவிடும், அந்தச் சேதம் திரும்பச் சரியாகாது. தோட்டத்திலிருந்து வந்ததும் அரை மணி நேரம் வீட்டுக்குள் வைத்துவிட்டுப் பிறகு போடுங்கள். சீக்கிரம் சூடாகட்டும் என்று கணப்புக்குப் பக்கத்தில் மட்டும் வைக்க வேண்டாம்.

மாமா பேட்டரியை மாற்றினார். ரசீதையும் பத்திரமாக வாங்கி வைத்துக்கொண்டார். இந்த ரசீது முக்கியம். எக்ஸ்சேஞ்ச் விலை என்பது, பழைய போனை வாங்குபவர் அதைச் சீர்செய்து மறுபடி விற்கும்போது எவ்வளவு மிஞ்சும் என்ற கணக்கு. ‘தானாக அணைகிறது’ என்றால் பேட்டரியா, மதர்போர்டா என்று அவருக்குத் தெரியாது. எனவே மோசமானதையே எண்ணி விலையை அடிமட்டத்துக்கு இறக்குவார். குறை பேட்டரியில்தான் என்று உறுதியானால் கழிக்க வேண்டியது பேட்டரியின் விலையை மட்டுமே. கடைக்காரரிடம் ஒவ்வொரு கழிவும் எதற்காக என்று தனித்தனியாகக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

புதிய பேட்டரியோடு போன் விடியலில் அணையவில்லை. ஆனால் மாமாவுக்குக் கீழ்குந்தாப் பக்கம் குத்தகைக்கு இன்னொரு தோட்டம் உண்டு. அங்கே போன் எரிந்துகொண்டே இருந்தும் பேச முடியவில்லை. பக்கத்துத் தோட்டக்காரர் அதே நிறுவனத்தின் சிம்மோடு நிம்மதியாகப் பேசிக்கொண்டிருந்தார். இந்தக் குறை பேட்டரியால் தீராது. இதற்குக் காரணம் அலைவரிசை, அதாவது கோபுரமும் போனும் பேசிக்கொள்ளும் ரேடியோ அலையின் ரகம்.

700 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 43 சென்டிமீட்டர். 2100 மெகாஹெர்ட்ஸில் அது 14 சென்டிமீட்டர். 5ஜி-க்குப் பரவலாகப் பயன்படும் 3500 மெகாஹெர்ட்ஸில் 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை மலை விளிம்பில் சற்று வளைந்து மறுபுறப் பள்ளத்துக்குள்ளும் இறங்கும். குறுகிய அலை நேர்க்கோட்டிலேயே போக முயலும், நனைந்த இலைகளிலும் மரக்கூட்டத்திலும் விரைவில் தேய்ந்துவிடும். சமவெளியில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. மடிப்பு மடிப்பாக மலையும் சோலையும் கிடக்கும் குந்தாவில் அதுதான் எல்லாம்.

பிஎஸ்என்எல் தன் 4ஜி சேவைக்கு 700, 2100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகளைப் பயன்படுத்துகிறது. 2022 ஏலத்தில் ஜியோவும் தன் 5ஜி-க்காக 700 மெகாஹெர்ட்ஸை வாங்கியது. போனின் விவரப் பட்டியலில் இந்த அலைவரிசை 4ஜி என்றால் ‘பி28’ என்றும், 5ஜி என்றால் ‘என்28’ என்றும் இருக்கும். சில ஆண்டுகளுக்கு முன் இங்கே விற்ற குறைந்த விலை 4ஜி போன்கள் பலவற்றில் பி28 கிடையாது. கோபுரம் எவ்வளவு உரக்கக் கூவினாலும் அந்த போனுக்குக் காது கேட்காது. மாமாவின் போனும் அந்த ரகம். பக்கத்துத் தோட்டக்காரரின் போனில் பி28 இருந்தது.

சிக்னல் இல்லாத பள்ளத்தில் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் இதனால்தான். கோபுரம் அருகில் இருந்தால் போன் மிகக் குறைந்த திறனில் பேசும். எட்டவில்லை என்றால் 4ஜி போன்கள் வழக்கமான உச்ச அளவான 200 மில்லிவாட் வரை ஏற்றிக் கத்தும். அதை உண்டாக்க பேட்டரியிலிருந்து அதைவிடப் பல மடங்கு எடுக்க வேண்டும். குளிரில் தளர்ந்த பேட்டரியை மின்னழுத்தச் சரிவில் தள்ளுவதும் இந்தக் கத்தல்தான்.

ஆக, போனை மாற்ற மாமாவுக்கு இப்போது உண்மையான காரணம் கிடைத்திருந்தது. வட்டியில்லாத் தவணை பற்றியும் கேட்டார். பூஜ்ஜிய வட்டித் திட்டங்களை 2013-இலேயே ரிசர்வ் வங்கி தடுத்துவிட்டது. ஆகவே வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்த வட்டிக்குச் சமமான தொகையை விலையில் முன்கூட்டியே தள்ளுபடியாகத் தருகிறார்கள். 18,000 ரூபாய் போனை மாதம் 3,000 வீதம் ஆறு மாதம் கட்டினால், 15 சதவீத ஆண்டு வட்டிக்கு அந்தத் தள்ளுபடி சுமார் 760 ரூபாய். ஆனால் கிரெடிட் கார்டு தவணை என்றால், வட்டியின் மேல் விழும் 18 சதவீத ஜிஎஸ்டி, ஏறக்குறைய 137 ரூபாய், நம் தலையில்தான். செயலாக்கக் கட்டணம் தனி. பெரிய தொகை அல்ல, ஒப்புக்கொள்கிறேன். பெரிய இழப்பு வேறு இடத்தில் இருக்கலாம்: முழுத் தொகையையும் உடனே கட்டுபவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி தவணைக்காரருக்குக் கிடைக்காமல் போவது. இரண்டு விலையையும் ஒரே தாளில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

மாமா கடைசியில் ஓராண்டு பழைய போன் ஒன்றைப் பார்த்து வைத்தார். விவரப் பட்டியலில் பி28, என்28 இரண்டும் இருந்தன. *#06# அழுத்தி, போனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ எண்ணை எடுத்தோம். கே, ஒய், எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டி, இடம் விட்டு அந்த எண்ணைச் சேர்த்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினோம். திருட்டுப் பட்டியலில் இல்லை என்று உறுதியானது. விற்பவரிடம் ஒரு வேண்டுகோள் மட்டும் வைத்தேன்: பணத்தைக் காலை ஐந்து மணிக்குத் தோட்டத்தில் வைத்துத் தருகிறோம், போனை 30 சதவீதம் சார்ஜோடு கொண்டுவாருங்கள்.

வந்தார். வேலிக் கம்பியில் பனி வெள்ளையாக இருந்தது. போனைக் கால் மணி நேரம் வெளியே வைத்திருந்து, விளக்கை எரியவிட்டு வீடியோ எடுத்துக்கொண்டே மண்டிக்கு அழைத்தோம். ஐந்து நிமிடம், பத்து நிமிடம், அணையவில்லை. 24 சதவீதத்தில் மாமா அழைப்பைத் துண்டித்துவிட்டு, மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணத் தொடங்கினார்.